அம்மாவின் ஈறும் மூன்று மாதக் கணக்கும்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடலாம். தேனி கூடலூரில் இருக்கிற அம்மாவுக்கு 56 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை, தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர். ஒரு வருடமாகப் பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது, வாய் நாறுகிறது, கீழ் முன்பற்கள் நீண்டுவிட்ட மாதிரி தெரிகின்றன, அதில் ஒன்று லேசாக ஆடுகிறது. பல் டாக்டர் இது ஈறு நோய், இரண்டு மூன்று தடவையாகக் கிளீன் பண்ண வேண்டும், அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, "கிளீன் பண்ணின பிறகுதான் என் பல்லே ஆட ஆரம்பிச்சது" என்று பயமுறுத்தியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது காசு பிடுங்கத்தானே என்பது உங்கள் சந்தேகம்.

நான் கேரள எல்லையில் இருக்கிற குமுளியில் இருபத்தைந்து வருடமாகப் பல் வைத்தியம் பார்க்கிறவன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஈறு என்பார்கள், மீதிப் பேர் மலையாளத்தில் மோண என்பார்கள், ஒருவர் ரத்தம் என்றால் இன்னொருவர் சோர என்பார், ஆனால் இரண்டு பாஷைக்காரர்களும் உட்கார்ந்ததும் கேட்கிற கேள்வி நீங்கள் கேட்டதேதான். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவின் பயம் தவறு. உங்கள் சந்தேகம் எல்லோர் விஷயத்திலும் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் அம்மா விஷயத்தில் அந்த மூன்று மாதம்தான் வைத்தியமே. முதலில் பண்ணுகிற கிளீனிங் அதற்கான முன்வேலை.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். காலையில் எழுந்ததும் நாக்கால் பல்லைத் தடவினால் வழவழப்பாக ஒன்று படும் இல்லையா, அது முழுக்கக் கிருமிகள் கூடி வாழ்கிற படலம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது வரும், தேய்த்தால் போகும், சில மணி நேரத்தில் திரும்ப வரும். தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கி ஒன்றிரண்டு நாளிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கிறது, பத்துப் பன்னிரண்டு நாள் போனால் பிரஷ்ஷுக்கு அசையாத கல்லாகிவிடும். அதைத்தான் காரை என்கிறோம். அம்மாவுக்கு ஏன் குறிப்பாகக் கீழ் முன்பல்லில் பிரச்சினை என்று நீங்கள் யோசித்திருக்கலாம். கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள், அடியில் இரண்டு சின்ன மேடு தெரியும், எச்சில் சுரப்பி அங்கேதான் திறக்கிறது. அதற்கு நேர் எதிரே இருப்பது கீழ் முன்பல்லின் உள்பக்கம். இன்னொரு சுரப்பி கன்னத்தின் உள்ளே மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. ஆகவே யார் வாயைத் திறந்தாலும் காரை முதலில் கட்டுகிற இடம் இந்த இரண்டும்தான். நம் ஆட்கள் தேய்க்காமல் விடுகிற இடமும் இந்த இரண்டும்தான், கண்ணாடியில் தெரியாதே!

இந்தப் படலம்தான் ஈறு வீங்கி ரத்தம் கசியக் காரணம் என்பதை 1965-இல் டென்மார்க்கில் ஹெரால்ட் லோ என்கிற பல் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய ஆட்களும் ரொம்ப எளிமையாகக் காட்டினார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதில் பழையபடி சரியாகிவிட்டது. ரத்தம் வருகிறது என்பதற்காகப் பிரஷ்ஷை மெதுவாக வைப்பது, அந்தப் பக்கத்தையே விட்டுவிடுவது, விரலுக்கு மாறுவது எல்லாமே தலைகீழ் வைத்தியம் என்று நான் சொல்வது இதனால்தான். ரத்தம் வருகிற இடம்தான் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டிய இடம்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்கு வந்தது முதல் படி. ஈறு மட்டும் வீங்கியிருக்கும், எலும்பு அப்படியே இருக்கும், முழுசாகத் திரும்பிவிடலாம். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் சிலருக்கு வீக்கம் உள்ளே இறங்கிப் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பை அரிக்க ஆரம்பிக்கிறது. ஈறு பல்லைவிட்டு விலகி நடுவில் ஒரு பை மாதிரிப் பள்ளம் உண்டாகிறது, அதற்குள்ளும் காரை கட்டுகிறது, அங்கே எந்தப் பிரஷ்ஷும் போகாது. இதில் கெட்ட விஷயம் என்னவென்றால் வலிக்காது. சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாமல் அடித்து எழுப்பி நம்மை டாக்டரிடம் துரத்திவிடும், ஈறு நோய் பத்து வருடம் சத்தமே போடாமல் இருந்துவிட்டு ஒருநாள் பல்லை ஆட்டிக் காட்டும். உங்கள் அம்மாவின் பல் நீளவில்லை, ஈறும் எலும்பும் கீழே இறங்கியிருக்கின்றன.

சிலருக்கு என்று சொன்னேன். அது யார் என்பதற்கும் இதே லோ இன்னொரு ஆராய்ச்சி செய்தார், அதை எஸ்டேட் ஆட்கள் வந்து உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்களைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு 14 முதல் 31 வயது. பல் துலக்கும் வழக்கம் கிடையாது, பல் வைத்தியம் எட்டாத இடம், எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் ஈறும் வீக்கம். ஆனாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆகவில்லை. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, 81 சதவீதம் பேருக்கு மெதுவாக அரித்தது, 8 சதவீதம் பேருக்கு மட்டும் விறுவிறுவென்று போய் 45 வயதுக்குள் வாயில் பல்லே இல்லை என்கிற நிலை. நம் தாத்தா செங்கல் பொடியில் தேய்த்தே எண்பது வயதில் கரும்பு கடித்தார் என்று சொல்கிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, அவர் அந்த 11-இல் ஒருவராக இருந்திருப்பார். உங்கள் அம்மா அந்த 11-இல் இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது, சர்க்கரையும் சேர்ந்திருக்கிறது.

இனி அவரைக் கூட்டிப் போனால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். முதல் நாள் டாக்டர் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம், 4-க்கு மேல் போனால் பள்ளம், 6-க்கு மேல் ஆழமான பள்ளம். கம்பி பட்ட இடத்தில் ரத்தம் வருகிறதா என்பதையும் குறிப்பார்கள். எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு எக்ஸ்ரே. இந்த அளவை எடுக்காமல், எழுதி வைக்காமல், வாயைத் திறந்து பார்த்துவிட்டு நேரே மெஷினை எடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் பின்னால் குறைந்ததா கூடியதா என்று எப்படிச் சொல்வது? அளவு எழுதின சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம் கிளீனிங். மேலே தெரிகிற காரையை எடுப்பது ஒன்று, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள்ளே போய் வேர் மேல் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பது இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டாவது தேவை, அதனால்தான் இரண்டு மூன்று நாள். மெஷின் முனை ஒரு விநாடிக்கு இருபத்தைந்தாயிரம் தடவைக்கு மேல் அதிரும், தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும், அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுப் பல்லையே அறுக்கிறார்கள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது காரையைத் தட்டிப் பெயர்க்கிறது, முறையாகச் செய்தால் எனாமலை ஒன்றும் பண்ணாது.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா கதைக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார். எலும்பு போன பற்களைச் சுற்றிக் காரை சிமெண்டு மாதிரி கட்டி, நாலு பல்லையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் உள்ளே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் வெளியே தெரிகிறது. பழைய வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆலமரத்து வேர்தான் என்று விட்டுவைப்போமா? அந்த வேர்தானே சுவரைப் பிளந்தது. அதே மாதிரி வீக்கம் வற்றினதும் பல்லுக்கு நடுவே சந்து தெரியும், வேர் கொஞ்சம் வெளியே வருவதால் சில வாரம் குளிர்ந்த தண்ணீர் கூசும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர்மேல் தப்பு உண்டு, கிளீனிங் மேல் இல்லை. வீக்கம் அடங்கி ஈறு இறுகினபின் லேசாக ஆடின பல் பல நேரம் முன்னைவிட உறுதியாகிறது. போன எலும்பு மட்டும் தானாக முளைக்காது, அந்த ஆசையை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் சின்னமனூரிலிருந்து என் சித்தி வந்தார், உங்கள் அம்மா நிலைமைதான். மூன்று நாள் உட்காரவைத்து எல்லாக் காரையும் எடுத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "எல்லாம் சுத்தமாயிடுச்சு சித்தி, இனிப் பயமில்ல" என்று பெருமையாகச் சொன்னேன். சித்தியும் நம்பினார், மகன் டாக்டராயிற்றே. ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்ப வந்தார், அதற்குள் கீழ் முன்பல் நாலும் கையோடு வருகிற நிலைக்கு வந்துவிட்டது. ஏன் சித்தி நடுவில் வரவில்லை என்று கேட்டால், "நீதானப்பா சுத்தமாயிடுச்சுன்னு சொன்ன" என்றார். அன்றிலிருந்து யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அடக்கி வைத்திருக்கிறோம் என்றுதான் சொல்வேன், சர்க்கரையை அடக்கி வைத்திருப்பது மாதிரி.

அந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்றால், பள்ளத்தைச் சுத்தம் செய்த பின்னும் அந்த மோசமான கிருமிக் கூட்டம் மெல்லத் திரும்ப வந்து குடியேறுகிறது. ஆழமான பள்ளங்களில் அதற்கு ஏறத்தாழ இரண்டரை மூன்று மாதம் போதும். அது வேரூன்றுவதற்குள் கலைத்துவிட வேண்டும். தோட்டத்தில் களை எடுப்பதை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு தடவை எடுத்தாயிற்றே என்று எந்தக் கங்காணியாவது விட்டிருக்கிறாரா? வரும்போதெல்லாம் முதல் தடவை மாதிரி ஊசி போட்டுச் சுரண்டுவதில்லை. அளவு பார்ப்பது, ரத்தம் வருகிற இடங்களை மட்டும் சுத்தம் செய்வது, எந்த மூலையில் பிரஷ் படவில்லை என்று காட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான், முக்கால் மணி நேர வேலை.

இதற்குப் பலன் உண்டா என்று கேட்டால், ஸ்வீடனில் கார்ல்ஸ்டாட் என்கிற ஊரில் பெர் ஆக்ஸல்ஸன், யான் லிண்டே என்று இரண்டு பேர் 1970-களின் ஆரம்பத்தில் தொடங்கின ஆராய்ச்சியைச் சொல்லலாம். 375 பேரை முதலில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்தார்கள், 180 பேரை வழக்கம்போல வருடத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொத்தையை மட்டும் அடைத்து அனுப்பினார்கள். ஆறு வருடத்தில் இரண்டாவது கூட்டத்துக்கு ஈறு மோசமாகிக்கொண்டே போனது. முதல் கூட்டத்தை 30 வருடம் விடாமல் தொடர்ந்தார்கள். அந்த 30 வருடத்தில் அவர்களில் ரொம்ப மூத்த வயதுக்காரர்கள்கூட இழந்தது சராசரியாக இரண்டு பல்லுக்கும் குறைவு, அதிலும் பெரும்பாலானவை வேர் உடைந்து போனவை. ஆட்களை அடிக்கடி வரவழைத்தது மட்டும் காரணமில்லை, வரும்போதெல்லாம் வீட்டில் எப்படித் தேய்ப்பது என்று உட்காரவைத்துப் பழக்கினார்கள். நம்மூரில் அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதிப் பாதிக்கு மட்டும் பில் போடுகிறோம் என்கிற வருத்தம் எனக்கு உண்டு.

எல்லோருக்கும் மூன்று மாதமா? கிடையாது. உங்களுக்கு முப்பது வயது, ஈறு நன்றாக இருக்கிறது என்றால் வருடத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ போதும். அம்மாவுக்கும் ஒரு வருடம் போய் எல்லா அளவும் 4-க்குள் வந்து, ரத்தமும் நின்று, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் இடைவெளியை நாலு, ஆறு என்று நீட்டலாம். அளவைக் காட்டாமல் எப்போதும் மூன்று மாதம் என்றே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால் அப்போது உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு இருபக்கமும் வெட்டுகிற அரிவாள். சர்க்கரை கூடினால் ஈறு சீக்கிரம் கெடும், புண் ஆறத் தாமதமாகும். ஈறு வீங்கிக் கிடந்தால் சர்க்கரை அடங்காது. ஈறுக்கு ஒழுங்கான வைத்தியம் பண்ணினவர்களுக்கு மூன்று நாலு மாதத்தில் ஹெச்பிஏ1சி என்கிற சர்க்கரை டெஸ்ட் அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி போலக் குறைகிறது என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. கேட்க ரொம்பச் சின்ன எண், ஆனால் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கிற பலனுக்குப் பக்கத்தில் வருகிறது. ஹெச்பிஏ1சி காட்டுவது கடைசி மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு. எனவே நான் என்னிடம் வருகிற சர்க்கரைக்காரர்களிடம் அந்த டெஸ்ட் எடுக்கிற வாரத்திலேயே ஈறையும் காட்டச் சொல்வேன், இரண்டு தேதி ஞாபகம் வைக்க வேண்டாம், மலையிலிருந்து ஒருநாள் கூலியைத்தான் விட வேண்டும், இரண்டு நாள் இல்லை. சர்க்கரை டாக்டரிடமும் ஈறு நோய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்க மாட்டார்.

வீட்டில் என்ன செய்வது என்பதுதான் பெரிய விஷயம். வருடத்தில் நாலு நாள் டாக்டர் பார்ப்பார், பாக்கி 361 நாள் அம்மா கையில். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் நாள் எனக்குத் தெரியும். நாலரைக்கு எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் போட்டு, ஜீப் வருவதற்குள் ஆள்காட்டி விரலில் சிவப்புப் பல்பொடியைத் தொட்டு நாலு இழுப்பு, வாயைக் கொப்பளித்தால் ஆயிற்று. இந்த நேரத்தில் இரண்டு நிமிடம் தேயுங்கள் என்று சொன்னால் சரி டாக்டர் என்பார்கள், நடக்காது. காலையை நான் விட்டுவிடுவேன், முடிந்ததைச் செய்யட்டும். ராத்திரியைப் பிடித்துக்கொள்வேன். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, டிவி முன்னால் உட்காருகிறார்கள் இல்லையா, அந்த நேரம் கையில் பிரஷ் இருக்கட்டும். தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம், ஒரே ஒருமுறைதான் தேய்க்க முடியும் என்றால் அது ராத்திரியாக இருக்கட்டும்.

பிரஷ் மிருதுவானதாக வேண்டும், கடையில் சாஃப்ட் என்று கேட்டு வாங்குங்கள். ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் நார் பாதி ஈறில், பாதி பல்லில் படுகிற மாதிரிச் சாய்த்து வைத்து, அந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அதிரவிட்டு, பிறகு கடிக்கிற பக்கம் நோக்கி வழித்துவிட வேண்டும். அண்டா விளக்குகிற மாதிரி குறுக்கே இழுத்தால் ஈறுதான் தேயும். கீழ் முன்பல்லின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நெட்டுக்குத்தலாகப் பிடிக்க வேண்டும், அம்மாவுக்கு இதை நீங்களே ஒருநாள் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள், வாயால் சொன்னால் புரியாது. பல் நடுவே சந்து விழுந்தவர்களுக்கு நூலைவிட அந்தச் சந்துக்கென்றே விற்கிற குட்டிப் பிரஷ் நல்லது, பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷைச் சுண்டு விரல் நகத்தளவுக்குச் சுருக்கின மாதிரி இருக்கும். எந்த அளவு சந்துக்குச் சரி என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒன்று வாங்கினால் கழுவிக் கழுவிப் பல நாள் பயன்படுத்தலாம். முதல் வாரம் ரத்தம் வரும், விடாமல் செய்தால் இரண்டாவது வாரத்தில் குறைவது கண்ணுக்கே தெரியும். அப்படிக் குறையவில்லை என்றால் உள்ளே இன்னும் காரை இருக்கிறது என்று அர்த்தம்.

பல்பொடி போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிவப்புப் பொடியில் நிறத்துக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் காவிக்கல், உமிக்கரியில் இருப்பது நெல் உமியின் மணற்சத்து, இரண்டும் பல்லை வெள்ளையாக்குவது தேய்த்துத் தேய்த்துத்தான், உப்புத்தாள் போடுகிற மாதிரி. ஈறு இறங்கி வேர் வெளியே வந்தவருக்கு அது ஆகவே ஆகாது, வேருக்கு எனாமல் கிடையாது, சீக்கிரம் குழி விழும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை, மென்று நாராக்கின குச்சியும் ஒரு பிரஷ்தான், ஆனால் அது முன்பல்லின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும், கடைவாய்க்கும் சந்துக்கும் போகாது. எண்ணெய் கொப்பளிப்பதில் பெரிய கெடுதல் இல்லை, தேய்ப்பதற்குப் பதில் என்று நினைக்காத வரை. கிராம்பு எண்ணெய்க்கு மட்டும் தனியாக எச்சரிக்கை. எங்கள் ஊரில் திரும்பின பக்கமெல்லாம் மசாலாக் கடை, கிராம்பு எண்ணெய் சின்னச் சின்ன பாட்டிலில் தொங்கும், ஈறு வலிக்கிறது என்று பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டு, காலையில் ஈறு வெந்து வெள்ளையாகி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈறு மேல் நேராக அதை வைக்கவே கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற குளோரெக்ஸிடின் கொப்பளிக்கும் மருந்து நல்ல மருந்துதான், இரண்டு வாரம் வரை. அதைக் காலம் பூராவும் ஊற்றிக்கொண்டிருந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்குக்கு ருசி மாறும், உள்ளே இருக்கிற காரை மட்டும் அப்படியே இருக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் எப்போதும் சரி.

நீங்கள் சொல்லாமல் விட்டதை நானே கேட்கிறேன், அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுவாரா? மலையில் குளிருக்கும் பசிக்கும் அடக்கிக்கொள்கிறோம் என்று போடாதவர்கள் குறைவு, அதனால்தான் கேட்கிறேன், குறை சொல்ல இல்லை. அடக்கி வைக்கிற பக்கத்தில் ஈறு தனியாக இறங்கும், வைத்தியத்தின் பலன் பாதியாகும், அதைவிடப் பெரிய பயம் வாய்ப் புற்று. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்க்கக் கூடாது என்று 1992-லேயே இந்தியாவில் தடை போட்டாயிற்று, ஆனாலும் புகையிலை வைத்துப் பல் தேய்க்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் பார்க்கிறேன். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு எது இருந்தாலும் ஈறை மறந்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். பீடி சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு ஒரு விசித்திரம், ஈறில் ரத்தமே அவ்வளவாக வராது, நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடுவதால். ரத்தம் வரவில்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே பல்லைப் பறிகொடுப்பார்கள்.

முதல் கட்டக் கிளீனிங் முடிந்து இரண்டு மாதம் போல ஆனதும் திரும்ப அளப்பார்கள். 6-க்கு மேல் அப்படியே நிற்கிற பள்ளங்கள் இருந்தால் ஈறைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து தைக்கிற சின்ன ஆபரேஷன் வரலாம், ஃப்ளாப் என்பார்கள். முதல் நாளே ஃப்ளாப் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம், முதலில் கிளீனிங், அப்புறம் அளவு, அப்புறம்தான் அந்தப் பேச்சு. ரொம்ப ஆடுகிற, எலும்பு அடியோடு போன பல்லைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடுவதுதான் பக்கத்துப் பல்லுக்கு நல்லது. ஆனால் லேசாக ஆடுகிறதை எல்லாம் பிடுங்கிவிட்டுச் செட் கட்டிவிடலாம் என்று சொல்கிறவர்களிடம் போக வேண்டாம். திருவிழாச் சந்தையில் உட்கார்ந்து ஏதோ திராவகத்தைத் தடவிப் பளிச்சென்று ஆக்குகிறவர்கள், ஆடுகிற பல்லைப் பிளாஸ்டிக் மாவு வைத்துப் பக்கத்துப் பல்லோடு ஒட்டிவிடுகிறவர்கள் பக்கமே வேண்டாம், அந்த மாவுக்கு அடியில் நடக்கிற நாசத்தை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

செலவுக்கு யோசித்தால், கம்பம் அரசு மருத்துவமனையில் முதலில் கேட்டுப் பாருங்கள், தேனியில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. ஃப்ளாப் வரை போனால், குமுளியிலிருந்து கே.கே. ரோட்டில் பஸ் பிடித்துக் கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களும் எங்கள் பக்கத்தில் நிறைய. தூரம்தான், ஒருநாள் முழுக்கப் போய்விடும், ஆனால் ஈறுக்கென்றே படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

எங்கே போனாலும் அம்மா சாப்பிடுகிற எல்லா மாத்திரைச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிட்டால் சிலருக்கு அதுவே ஈறைப் பெருக்கவைக்கும், வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடோயினும் அப்படித்தான், டாக்டருக்குத் தெரிந்தால் மாத்திரையை மாற்றிப் பார்க்கலாமா என்று பிரஷர் பார்க்கிறவரிடம் எழுதிக் கேட்பார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. இதய வால்வு மாற்றினவர் என்றால் அதை வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும் வேண்டும். பல் டாக்டரிடம் போகிறோம் என்று காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் நிறைய, அது வேண்டாம், ஊசி போட்ட பிறகு மரமரப்பு போகிற வரை இரண்டு மூன்று மணி நேரம் போலச் சாப்பிட முடியாது, சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இட்லியோ தோசையோ சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலை நேரத்திலேயே கூட்டிக்கொண்டு போங்கள்.